படம் பார்க்கத்தான்

பெங்களூருவில் மாரத்தஹள்ளி பாலத்தைத் தாண்டி ஒயிட்ஃபீல்டு போகும் வழியில் எந்த அடுக்ககத்தில் ஏறினாலும் சரி, வாசலில் ஸ்டிக்கர் கோலமும் ஷூ ஸ்டாண்டும் இருக்கும் வீட்டின் மணியை அழுத்தினால் அநேகமாக இவர்தான் வந்து திறப்பார். வயது நாற்பது, கொஞ்சம் முன்பின். சொந்த ஊர் சேலமோ திருநெல்வேலியோ கும்பகோணமோ. என்ன வேலை என்று அவர் சொன்னால் நமக்குப் புரியாது. அவருடைய மாமனாருக்கே இன்னும் புரியவில்லை. ஹாலில் 65 அங்குல டிவி. அதன் பக்கத்தில், வெள்ளைச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்கும் மைனர்போல, முக்கால் முழத்துக்கும் மேல் உயரமாக ஒரு பிளேஸ்டேஷன் 5.

"கேம் எல்லாம் ஆடுவீங்களா?" என்று கேட்டுவிடாதீர்கள். முகம் சுருங்கிப்போகும். "சேச்சே, அந்தப் பழக்கமே கிடையாது. இது படம் பார்க்கத்தான்."

தமிழ்க் குடும்பத்தின் வரவுசெலவில் விளையாட்டுக்கு ஒதுக்கீடு கிடையாது. படத்துக்கு உண்டு. ஆகவே நம் வீடுகளுக்குள் நுழைய நினைத்த எந்த மின்சாதனமும் ஏதாவது ஒரு கண்ணியமான காரணத்தைச் சொல்லிக்கொண்டுதான் நுழைந்திருக்கிறது. டேப் ரிக்கார்டர் வந்தது கந்த சஷ்டி கவசம் கேட்க. எண்பதுகளில் வீடியோ டெக் வந்தது அக்கா கல்யாண கேசட்டைப் போட்டுப் பார்க்க. கம்ப்யூட்டர் வந்தது பிள்ளைகள் படிக்க. கவசம் எத்தனை நாள் ஒலித்தது, கல்யாண கேசட் எத்தனை முறை ஓடியது, பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்பதையெல்லாம் பிற்பாடு யாரும் தணிக்கை செய்ததில்லை. காரணம் என்பது வாசற்படி வரைக்கும்தான்.

நம்மவர் விஷயத்தில் ஒரு சிக்கல். மற்றவர்கள் சொன்னது சாக்கு. இவர் சொல்வது சத்தியம். இவர் உண்மையிலேயே கேம் ஆடுவதில்லை. ஆடவும் தெரியாது. அதனாலேயே யாரும் இவரை நம்புவதில்லை. மனைவி முதல் மாதம் முழுக்க நள்ளிரவில் எழுந்து ஹாலை எட்டிப் பார்த்து, துப்பாக்கிச் சத்தம் எதுவும் கேட்காமல் ஏமாந்தார். ஊரிலிருந்து வந்த மச்சினன் பையைக்கூட இறக்காமல், "மாமா, என்னென்ன கேம் வச்சிருக்கீங்க?" என்றான். ஒன்றும் இல்லை என்றதும், தன்னிடம் மறைக்கிறார் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்தான்.

இந்த ஜாதிக்கு ஒரு வரலாறு உண்டு. 2000 மார்ச்சில் சோனி ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-ஐ இறக்கியபோது, அதில் டிவிடி ஓடும் என்பதற்காகவே வாங்கியவர்கள் ஏராளம். தனியாக ஒரு டிவிடி பிளேயர் வாங்குவதும் ஏறக்குறைய அதே செலவு, இதில் விளையாட்டு இனாம். 2006 கடைசியில் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது கணக்கு இன்னும் விசேஷம். அமெரிக்காவில் அப்போது ஒரு ப்ளூரே பிளேயர் ஆயிரம் டாலரை ஒட்டி விற்றது. ப்ளூரே ஓட்டும் பிளேஸ்டேஷனோ 499, 599 டாலர். விளையாட்டு என்றால் என்னவென்றே தெரியாத சினிமா வெறியர்கள் கியூவில் நின்றார்கள். ப்ளூரேவுக்கு எதிராகக் களத்தில் நின்ற எச்டி டிவிடியை 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்டதில் இந்தப் பெட்டிக்கும் பங்கு உண்டு. அதாவது உலகப் படத்தட்டுப் போரில் ஒரு பக்கத்துக் காலாட்படை நம்மவர்கள்தான். பதக்கம் யாரும் கொடுக்கவில்லை.

இந்தியாவுக்கு பிளேஸ்டேஷன் 3 வந்தது 2007 ஏப்ரலில், 39,990 ரூபாய்க்கு. அதே ஆண்டில்தான் மோசர் பேயர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் மளிகைக் கடை வரைக்கும் கொண்டுவந்தது. நாற்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியில் முப்பத்து நான்கு ரூபாய்த் தட்டைப் போட்டுப் பார்த்த ஒரு தலைமுறை பி.டி.எம். லேஅவுட்டின் பேச்சிலர் அறைகளில் வாழ்ந்தது. நம்மவர் அதில் வளர்ந்தவர். நண்பன் பென் டிரைவில் கொண்டுவரும் படம் 4 ஜி.பி.யைத் தாண்டினால் அந்தப் பெட்டி படிக்காது. அது அறிந்தது ஃபேட் 32 என்ற ஒரே முறை, அந்த முறையில் ஒரு கோப்பு அதற்குமேல் பருக்க முடியாது. ஆகவே சனிக்கிழமை இரவு படத்தை இரண்டாக வெட்டுவதிலேயே போகும். வெட்டி முடிக்கும்போது விடிந்திருக்கும். படம் பார்த்தார்களா என்றால், வெட்டினார்கள்.

2013 மே மாதம் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிமுகம் செய்த விழாவில் டிவி, டிவி என்று பேசியே நேரத்தைக் கழித்தார்கள். செட்டாப் பாக்ஸின் கேபிளை வாங்கிக்கொள்ளப் பெட்டியின் முதுகில் ஒரு துளையே வைத்திருந்தார்கள். உலகமெங்கும் விளையாட்டுக்காரர்கள் கொதித்துப்போனார்கள்: எங்களுக்கு எதற்கய்யா டிவி? அந்த விழாவைப் பார்த்துக் கைதட்டிய சிறுபான்மையில் நம்மவரும் ஒருவர். கடைசியில் தன்னை ஒரு கம்பெனி புரிந்துகொண்டதே என்று அவருக்குக் கண் கலங்கியது. அந்தக் கம்பெனி பிறகு பெரும்பான்மைக்கு மன்னிப்புக் கேட்கிற தொனியில் விளையாட்டுக்கே திரும்பிவிட்டது வேறு கதை.

பெங்களூருவில் உட்கார்ந்துகொண்டு இவருடைய வாதத்தை மறுப்பது கஷ்டம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் படத்தைத் தமிழ்க் கூட்டத்தோடு, விசிலோடு பார்க்க வேண்டுமென்றால் லால்பாக் பக்கம் ஊர்வசி தியேட்டருக்குப் போக வேண்டும். ஒயிட்ஃபீல்டிலிருந்து மதியக் காட்சிக்கு அங்கே போக, டிபனை முடித்த கையோடு கிளம்ப வேண்டும். எம்.ஜி. ரோட்டு பிளாசா மெட்ரோவுக்காகப் போயிற்று. பிரிகேட் ரோட்டு ரெக்ஸ் 2018 முடிவோடு மூடிக்கொண்டது. சதாசிவநகர் காவேரி 2024-இல். மிச்சம் இருப்பவை மால்கள். நான்கு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங், பார்க்கிங்கில் காரைத் தேடுகிற நேரம் எல்லாவற்றையும் எக்ஸெல்லில் ஏற்றி, பன்னிரண்டால் பெருக்கி, "ரெண்டு வருஷத்துல போட்ட காசு கைக்கு வந்துடும்" என்று இவர் நிரூபித்திருக்கிறார். இவர் வீட்டார் மாதம் ஒருமுறை மாலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்ற அனுமானத்தில் நிற்கும் கணக்கு அது. போனதில்லை.

இன்னொரு காரணத்தை அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். காவிரித் தண்ணீர் விவகாரம் சூடேறினால் இந்த ஊரில் முதலில் நிற்பவை தமிழ்ப் படக் காட்சிகளும் கேபிளில் தமிழ்ச் சேனல்களும். 2016 செப்டம்பரில் அவர் அதைப் பார்த்திருக்கிறார். கேபிள்காரர் நிறுத்தினாலும் ஃபைபரில் வருவது நிற்காது என்பது அவருடைய வீட்டுப் பாதுகாப்புக் கொள்கை. இந்தக் கொள்கையின் பலனை அவரைவிட அதிகம் அனுபவிப்பவர் பக்கத்து ஃபிளாட் கன்னடக்காரர். ரஜினி படம் என்றால் நொறுக்குத்தீனியோடு முதலில் வந்து சோபாவில் இடம் பிடிப்பவர் அவர்தான். எங்கள் ஊர் கண்டக்டர் சார் அவர் என்று உரிமை கொண்டாடுவார்.

கொரோனா காலத்தில் இவருடைய தீர்க்கதரிசனம் பலித்தது. தியேட்டர் பக்கமே போகாமல் 'சூரரைப் போற்று' 2020 நவம்பர் 12 அன்று நேராக அமேசான் பிரைமில் வந்தது. அதே நவம்பர் 12 அன்றுதான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிளேஸ்டேஷன் 5 விற்பனைக்கு வந்தது. இது தற்செயல் என்று நீங்களும் நானும் சொல்வோம். அவர் சொல்ல மாட்டார். மலிவு விமானம் விட்ட பெங்களூரு கோபிநாத்தின் வாழ்க்கையை வைத்து எடுத்த தமிழ்ப் படம், பெங்களூருவில் ஒரு தமிழன் ஹாலில், உலகமே காத்திருக்கும் பெட்டி வரும் நாளில்! பெட்டி மட்டும் வரவில்லை. இந்தியாவுக்குத் தேதி சொல்லாமல் சோனி இழுத்தடித்தது.

அந்த இடைவெளியில்தான் புகழ்பெற்ற அந்த அட்டவணை பிறந்தது. பிளேஸ்டேஷன் 5: 49,990 ரூபாய். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்: அதே 49,990. தட்டுப் போட வழியில்லாத சீரிஸ் எஸ்: 34,990. எக்ஸ்பாக்ஸில் ஓடிடி படம் டால்பி விஷனில் வரும். ஆனால் 4கே தட்டைப் போட்டால் டால்பி விஷன் வராது. பிளேஸ்டேஷனில் இரண்டுக்குமே வராது. எடை, உயரம், மின்விசிறிச் சத்தம், ரிமோட் தனி விலை என்று அட்டவணை வலப்பக்கமாக வளர்ந்துகொண்டே போய் ஒன்றரைத் திரை அகலம் ஆயிற்று. அவர் வீட்டு டிவிக்குள்ளேயே நெட்ஃபிளிக்ஸ் இருக்கிறது, அதில் டால்பி விஷனும் வருகிறது என்ற தகவலுக்கு மட்டும் அதில் கட்டம் இல்லை.

சரி, அட்டவணைப்படி எக்ஸ்பாக்ஸ்தானே முன்னால் நிற்கிறது? நிற்கிறது. பிறகு ஏன் பிளேஸ்டேஷன் வாங்கினார்? பிளேஸ்டேஷன் கிடைக்கவில்லை, அதனால். 2021 ஜனவரி 12, பகல் பன்னிரண்டு மணிக்கு முன்பதிவு திறந்தது. சில நிமிடங்களில் எல்லாக் கடைகளிலும் தீர்ந்தது. அன்றைய டீம் மீட்டிங்கில் இவர் கேமராவை அணைத்துவிட்டு மூன்று உலாவிகளில் ஒரே நேரத்தில் அட்டை எண்ணை அடித்துக்கொண்டிருந்தார். கிடைக்காத பொருளைத்தான் மனிதன் ஆராய்ச்சி செய்து தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொள்கிறான்.

அதற்கப்புறம் எஸ்.பி. ரோடு. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு என்னவோ அதுதான் பெங்களூருக்காரர்களுக்கு அந்தச் சந்து. உள்ளே நுழைந்தால் "ஏன் பேக்கு சார்?" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, நீங்கள் வாயைத் திறந்ததும் உங்கள் மொழிக்குத் தாவிவிடும் பையன்கள்.

"எந்த கேம் சார் ஆடுவீங்க?"

"கேம் இல்லப்பா. படம்."

"படத்துக்கு எதுக்கு சார் இது? ஸ்டிக்கு குடுக்கறேன், அஞ்சாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும்."

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் இத்தனை நாள் தயாராகிக்கொண்டிருந்தார். ஓடிடியில் 4கே படம் நொடிக்குப் பதினைந்து, இருபது மெகாபிட்டில் வருகிறது என்பதையும், 4கே ப்ளூரே தட்டில் அது 128 வரைக்கும் போகும் என்பதையும், இருட்டுக் காட்சிகளில் வித்தியாசம் எப்படித் தெரியும் என்பதையும் விளக்கினார். பையன் பொறுமையாகக் கேட்டான். "உங்ககிட்ட எத்தனை டிஸ்க் சார் இருக்கு?" என்றான். இரண்டு. ஒன்று திமிங்கலங்கள் பற்றியது. இன்னொன்று ஆபீஸ் குலுக்கலில் விழுந்தது, இன்னும் உறை பிரிக்கவில்லை. தமிழ்ப் படங்கள் அந்தத் தட்டில் வருவது அபூர்வம் என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பையன் கடைசியில் ஒரு உசத்தி எச்டிஎம்ஐ கேபிளை விற்றுவிட்டான்.

பெட்டி பிப்ரவரி 2-ஆம் தேதி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இவர் கைக்கு வந்தது எப்போது என்று சொல்ல மாட்டார். எவ்வளவுக்கு என்றும் சொல்ல மாட்டார். நாலரைக் கிலோ. டிவி ஸ்டாண்டின் எந்தத் தட்டிலும் நுழையவில்லை. ஸ்டாண்டை மாற்றினார். ஸ்டாண்ட் அகலமானதால் சோபாவை நகர்த்தினார். சோபா நகர்ந்ததால் பூஜை அலமாரிக் கதவு முழுசாகத் திறக்காது. இப்போது பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டுவது பக்கவாட்டில்தான்.

ஊரிலிருந்து வந்த அப்பா பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். சூலமங்கலம் சகோதரிகள். "இதைப் போடுடா, காலையில கேக்கலாம்."

"இதுல ஆடியோ சிடி பாடாதுப்பா."

அப்பா தட்டையும் பார்த்தார், பெட்டியையும் பார்த்தார். பிளேஸ்டேஷன் 3 வரைக்கும் பாட்டு சிடி பாடியது. 4-இலிருந்து நிறுத்திவிட்டார்கள், இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று. யார் கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். "அம்பதாயிரம் ரூபாங்கிறே. கந்த சஷ்டி கவசம் தெரியாதுங்கிறே" என்று அப்பா சிடியைத் துடைத்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு வேறு பிரச்சினை. படத்தை நிறுத்தவோ ஓட்டவோ ரிமோட்டுக்குப் பதிலாக இரண்டு கொம்பு வைத்த ஒரு சாமான். அதைச் சோபாவில் வைத்தால் அடிப்பக்கத்து ஆர் 2 பொத்தான் தானாக அழுந்தும். படம் தாவி ஓடும். கதாநாயகன் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பிப்பான், அடுத்த நொடி கல்யாணமாகிக் குழந்தை இருக்கும். "நல்லதாப் போச்சு, சட்டுனு முடிச்சுட்டான்" என்பார் அம்மா. மீடியா ரிமோட் தனியாக விற்கிறார்கள். வாங்கினார். அதில் ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். அம்மாவுக்கு வேண்டிய சீரியல் வரும் செயலி மட்டும் இந்தப் பெட்டியில் இல்லை.

அதற்காக, தற்காலிக ஏற்பாடாக, படுக்கையறை டிவிக்கு ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகினார். கட்டைவிரல் நீளம், மூன்று நான்கு வாட் மின்சாரம். ஒரே படத்தைக் காட்ட ஹாலில் நிற்கும் பெட்டி அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் குடிக்கும். அம்மா அந்த அறைக்கு இடம்பெயர்ந்தார். அப்பாவும் போனார். சில நாட்களில் பக்கத்து ஃபிளாட்காரரும் நொறுக்குத்தீனியை அங்கே எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். நம்மவர் ஹாலில் தனியாக.

தனியாக என்ன செய்கிறார்? படம் பார்க்கிறார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் இந்த வகையினர் படம் பார்ப்பதில்லை, படத்தைச் சோதிக்கிறார்கள். மழைக் காட்சி ஒன்று, பாலைவனச் சூரியன் ஒன்று, தலைக்குமேல் ஹெலிகாப்டர் பறக்கும் காட்சி ஒன்று: இவை மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டி, கறுப்பு கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். விருந்தினர் வந்தால் அதே மூன்றும். "பின்னாடி கேக்குதா? பின்னாடி?" என்பார். பின்னால் சமையலறையில் குக்கர் அடிக்கும். கேட்குது கேட்குது என்று விருந்தினர் தலையாட்டுவார்கள். எந்தப் படமும் இடைவேளை தாண்டியதில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. எந்த நேரமும், எந்தப் படத்தையும், எவ்வளவு துல்லியமாக வேண்டுமானாலும் பார்த்துவிடலாம் என்ற நிலையில் வீடு இருக்கிறதே, அந்த நிம்மதிக்குத்தான் காசு. என் பார்வையில் இது ஒன்றும் மோசமான செலவு இல்லை. லாக்கரில் நகை வைத்திருப்பவர்கள் தினமும் போட்டுக்கொண்டா திரிகிறார்கள்?

பாவம், மகன். பதினொரு வயது. பிளேஸ்டேஷன் இருக்கும் வீட்டில் கேம் கிடையாது என்று சொன்னால் பள்ளிக்கூட வேனில் ஒருவரும் நம்புவதில்லை. "இது கேம் ஆடுற பெட்டி இல்லடா" என்று அப்பா சொல்வதை அவன் நண்பர்களிடம் அப்படியே சொல்லிப் பார்த்தான்; அன்றிலிருந்து வேனில் அவனுக்குப் பெயர் மாறிவிட்டது. ஒரே ஆறுதல், பெட்டியோடு சேர்ந்தே வரும் 'ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்' என்ற சின்ன விளையாட்டு. ஒரு குட்டி ரோபோ பெட்டியின் குடலுக்குள் ஓடும், குதிக்கும். ஞாயிறு மட்டும் அரைமணி நேரம் அனுமதி.

ஒருநாள் நம்மவர் ஏதோ அமைப்பைத் திருத்தப்போனபோது கோப்பைகள் என்ற பக்கம் தவறித் திறந்துகொண்டது. பிளேஸ்டேஷனில் ஒரு விளையாட்டின் எல்லாச் சவால்களையும் முடித்தால் பிளாட்டினம் கோப்பை என்று ஒன்று விழும். எந்தக் கோப்பை எப்போது விழுந்தது என்று தேதி நேரத்தோடு குறித்தும் வைக்கும். குட்டி ரோபோ விளையாட்டில் அந்தக் கோப்பை விழுந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.40. மகன் பள்ளியில் இருக்கும் நேரம். அவர் ஆபீஸில். அப்பா அம்மா ஊரில்.

சமையலறையைப் பார்த்தார். மனைவி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ இதுல..."

"சும்மாத்தானே நின்னுக்கிட்டிருந்துச்சு. நீங்களும் தொடறதில்ல. அவ்வளவு காசு போட்டு வாங்கினது வீணாப்போகுதேன்னு வீட்ல இருந்து வேலை பார்க்கிற நாள்ல சாப்பாட்டு நேரத்துல கொஞ்சம்..." என்றார். கொஞ்சம் என்பதன் மணிக்கணக்கும் அந்தப் பெட்டியில் இருந்தது. அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. சில விஷயங்களில் நம்மவர் பெருந்தன்மையானவர்.

அதன்பின் அந்த வீட்டில் அதிகாரம் கைமாறிவிட்டது. 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ வெளியானது. அதை முதலில் கவனித்துச் சொன்னவர் மனைவி. நம்மவர் கடமையாகப் புதிய அட்டவணை போட்டார்; நேர்மையாகவே போட்டார். தட்டுப் போடும் டிரைவ் பெட்டியோடு வராது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். டால்பி விஷன் இதிலும் இல்லை. படத்துக்கு ஒரு நயாபைசா பிரயோஜனம் இல்லை என்று தீர்ப்பு எழுதினார்.

"கேம் சூப்பரா இருக்குமாம்ல?" என்றார் மனைவி.

இந்தியாவுக்கே அது வரவில்லை. அதிலுள்ள புதிய வைஃபைக்கு 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேண்டும். அப்போது நம் நாட்டில் அதற்கு அனுமதி இல்லை. நம்மவர் இந்த விஷயத்தில் இறங்கி இப்போது அலைக்கற்றைக் கொள்கையில் பெரிய நிபுணர்; தொலைத்தொடர்புத் துறையின் வரைவு விதிகளை, ஹெலிகாப்டர் காட்சிக்கு ஒதுக்கிய நேரத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். மனைவி அத்தனை தூரம் போகவில்லை. சான் ஹோசேயில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு போன் போட்டார். அங்கே பேத்தியைப் பார்க்கப் போயிருந்த அவருடைய அம்மா ஜூனில் திரும்புகிறார்.

வீடியோ அழைப்பில் மாமியார் முகம் முழுத் திரைக்கும், 65 அங்குலத்துக்கும், நிறைந்து நின்றது.

"அது எத்தனை கிலோ மாப்பிள்ளே?"

"மூணு கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும் அத்தை. ஆனா அதுல டிஸ்க் டிரைவ் கிடையாது, அதைத் தனியா..."

"மூணு கிலோன்னா என் பாதாம் பாக்கெட் ரெண்டை எடுத்துடணுமே."

"எடுத்துடும்மா" என்றார் மனைவி, கன்ட்ரோலரைக் கீழே வைக்காமலே.